கிராண்ட் பியானோவில் இரட்டை அடி: எந்தத் திருகை முதலில் தொடுவது?

கீயை விரலின் கனத்தை மட்டும் வைத்து மெதுவாக அழுத்தும்போது, ஒரு முறை ஒலிக்க வேண்டிய ஸ்வரம் "த-தம்" என்று இரண்டு முறை ஒலிக்கிறது. அதே கீயை ஓங்கி அடித்தால் ஒரே அடிதான். பல ஆண்டு ஓடிய கிராண்ட் பியானோக்களில், அதுவும் நடு ஆக்டேவ்களில், அடிக்கடி வரும் கோளாறு இது. இதை நிறுத்த ஐந்தாறு வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் அப்போதைக்கு இரட்டை அடி நின்றுவிடும். சிக்கலும் அங்கேதான். சில வழிகள் கோளாறைச் சரிசெய்கின்றன. சில வழிகள் அதை மூடி மறைத்துவிட்டு, பியானோவின் வேறொரு திறனைப் பறித்துக்கொள்கின்றன.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலோர் முதலில் தொடுவது ரெபெட்டிஷன் ஸ்பிரிங்கை, அதாவது கம்பியை அடிக்கும் ஹேமரை மறு அடிக்காகத் தாங்கும் லீவரை உயர்த்தும் ஸ்பிரிங்கை. அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். இரட்டை அடிக்கும் பியானோக்களில் பெரும்பாலானவற்றில் குறைந்திருப்பது ஆஃப்டர்டச், அதாவது ஹேமரை உந்தும் ஜாக் என்ற துண்டு விலகிய பிறகும் கீ இறங்க மிச்சம் இருக்கும் அந்தச் சிறு தூரம். அதை மீட்டுவிட்டால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டிய தேவையே பல சமயம் வராது.

மென்மையாக வாசிக்கும்போது மட்டும் ஏன்?

கீயின் பின்பகுதி எழும்போது அதன் மேலுள்ள கேப்ஸ்டன் என்ற திருகு, விப்பன் என்ற நெம்புகோலைத் தூக்குகிறது. விப்பனில் நிற்கும் ஜாக், ஹேமரின் தண்டான ஷாங்கின் அடியில் இருக்கும் தோல் சுற்றிய உருளையை, அதாவது நக்கிளை, மேலே உந்துகிறது. ஹேமர் கம்பியை அடைய 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும்போது ஜாக்கின் வால் லெட்-ஆஃப் பட்டனில் முட்டுகிறது. ஜாக் நக்கிளின் அடியிலிருந்து வாசிப்பவர் பக்கமாக விலகுகிறது. இந்த விலகல்தான் லெட்-ஆஃப். அதே நொடியில், நக்கிளைத் தாங்கும் ரெபெட்டிஷன் லீவரின் முனையும், ஷாங்க் சுழலும் கீலான ஹேமர் ஃபிளான்ஜில் இருக்கும் டிராப் திருகில் முட்டி நின்றுவிடுகிறது. மிச்சத் தூரத்தை ஹேமர் தன் வேகத்திலேயே கடந்து கம்பியை அடித்துத் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் லீவரை அமுக்கிக்கொண்டு இறங்கி, ஹேமரின் வால், கீயின் பின்முனையில் நிற்கும் தடுப்பான பேக்செக்கில் சிக்கி நிற்கிறது.

விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்பிரிங் லீவரை உயர்த்தும். ஜாக் மறுபடி நக்கிளின் அடியில் நுழையும். கீ முழுக்க மேலே வராமலேயே அடுத்த அடி தயார். செபாஸ்டியன் எரார் 1821-ல் கொண்டுவந்த இரட்டை எஸ்கேப்மென்ட் இதற்காகவே பிறந்தது. ஹேமரைக் கம்பியின் அருகிலேயே தாங்கி நிறுத்துவதுதான் அதன் பலம். அந்தத் தாங்கல் அளவு மீறும்போது இரட்டை அடி வருகிறது.

மெல்ல வாசிக்கும்போது திரும்பி வரும் ஹேமரிடம் வேகம் இருக்காது. லீவரை அமுக்கிப் பேக்செக் வரை போக அதனால் முடியாது. லீவரின் மேலேயே விழுந்து துள்ளுகிறது. அப்போது ஜாக் முழுக்க விலகியிருக்காவிட்டால், நக்கிள் ஜாக்கின் ஓரத்திலேயே வந்து இறங்கும். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் கீ அதை மறுபடி மேலே தள்ளிவிடும். லீவர் போதுமான அளவு கீழே நிறுத்தப்படாவிட்டால், சிறு துள்ளலே ஹேமரைக் கம்பிக்குக் கொண்டுபோய்விடும். ஸ்பிரிங் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தால் அதுவே தூக்கி எறியும். ஃபிளான்ஜின் அச்சான சென்டர் பின் தளர்ந்திருந்தால், துள்ளலை அடக்க வேண்டிய உராய்வு அங்கே இருக்காது.

ஓங்கி அடிக்கும்போது ஹேமர் வேகமாகத் திரும்பி பேக்செக்கில் மாட்டிக்கொள்வதால் இவை எதுவுமே வெளியில் தெரியாது. ஆகவே சோதனை எப்போதும் மெல்லிய அடியில்தான் நடக்க வேண்டும். ஒரே கீயைப் பத்துப் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் வேகத்தைச் சற்றே மாற்றி அழுத்திப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் இரட்டை அடி வரும். அந்த வேகத்தை விரல் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அளக்காமல் திருகாதீர்கள்

உதாரணத்துக்கு, இருபத்தைந்து ஆண்டு ஓடிய ஒரு யமஹா சி3 என்று வைத்துக்கொள்வோம். அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். ஆனாலும் இந்த வகைப் பியானோவுக்கு ப்ளோ தூரம், அதாவது ஓய்வில் இருக்கும் ஹேமரிலிருந்து கம்பி வரையிலான தூரம், 47 மி.மீ. அளவிலும், கீயின் ஆழம் 10 மி.மீ. அளவிலும், லெட்-ஆஃப் 2 மி.மீ. அளவிலும் இருந்தால் சரி. கீ ஒரு மி.மீ. இறங்கினால் ஹேமர் ஏறத்தாழ ஐந்து மி.மீ. ஏறும். லெட்-ஆஃப் வரை ஹேமர் ஏறும் தூரம் 47-இல் 2 போக 45. ஐந்தால் வகுத்தால் கீ 9 மி.மீ. இறங்கியிருக்கும். ஆழம் 10 என்பதால் மிச்சம் 1 மி.மீ. ஆரோக்கியமான ஆஃப்டர்டச் இதுதான்.

இப்போது ஓடித் தேய்ந்த பியானோவை அளப்போம். நக்கிள் அமுங்கியதால் ஹேமர் கீழே இறங்கி ப்ளோ 48.5 ஆகியிருக்கிறது. கீ நடுவில் ஊன்றி ஆடும் பாலன்ஸ் ரெயிலின் ஃபெல்ட் அமுங்கியதால் கீயின் மட்டம் தாழ்ந்து ஆழம் 9.7 ஆகியிருக்கிறது. யாரோ ஒரு முறை "மென்மை போதவில்லை" என்று லெட்-ஆஃப்பை 1.5-க்கு நெருக்கியிருக்கிறார்கள். கணக்கு இப்போது 48.5-இல் 1.5 போக 47. ஐந்தால் வகுத்தால் 9.4. மிச்சம் 0.3 மி.மீ. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சின்னச் சின்ன விலகல்கள்தான். "பரவாயில்லை, எல்லை தாண்டவில்லை" என்றுதான் தோன்றும். மூன்றும் சேர்ந்து ஆஃப்டர்டச்சில் பத்தில் ஏழு பங்கைத் தின்றுவிட்டன.

ஆஃப்டர்டச்சை நேரடியாக அளக்க எளிய வழி உண்டு. கீகளின் முன்னால் உள்ள கீ-ஸ்லிப் பலகையைக் கழற்றுங்கள். 0.8 மி.மீ. தடிமனுள்ள அட்டைத் துண்டில், முன் முள்ளைச் சுற்றி அமரும்படி ஒரு பிளவு வெட்டுங்கள். கீயை லேசாகத் தூக்கி, அதன் முன்பக்கத்தின் அடியில் உள்ள வட்ட ஃபெல்ட்டான முன் பஞ்சிங்கின் மேல் அதைச் செருகிவிட்டு, கீயை மெல்ல அழுத்துங்கள். அட்டை இருக்கும்போதும் ஜாக் நழுவி ஹேமர் கீழே விழுந்தால் ஆஃப்டர்டச் போதும். ஹேமர் கம்பியின் அருகே ஏறிப் போய் அங்கேயே நின்றுவிட்டால் போதாது. 88 கீகளிலும் இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். கோளாறுள்ள கீகளின் பட்டியலையும் அட்டைச் சோதனையில் தேறாத கீகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போனால், மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்பது தீர்ந்தது.

ஆக்‌ஷனை, அதாவது கீகளும் ஹேமர்களும் சேர்ந்த இயந்திரத்தை, வெளியே இழுக்கும்போது ஒரு கீகூட அழுந்தக் கூடாது. எழுந்து நிற்கும் ஹேமர், சுருதி முள்கள் பதிந்த மரக்கட்டையான பின்பிளாக்கில் மாட்டி ஷாங்க் ஒடியும். இருபுறமும் உள்ள கீ-பிளாக்குகளையும், கீகளை மூடும் ஃபால்போர்டையும் கழற்றிய பிறகு, கீகளைத் தாங்கும் சட்டகமான கீஃபிரேமை இரு ஓரங்களிலும் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நடுவில் கை வைத்து இழுத்தால் விரல் ஏதாவது ஒரு கீயில் பட்டுவிடும்.

ஸ்பிரிங்கைத் தளர்த்துவது

எல்லோருக்கும் பிடித்த வழி இது, ஏனென்றால் ஒரு கீக்கு ஒரு நிமிடம் போதும். பல ஜப்பானியப் பியானோக்களில் லீவரின் மேல் ஒரு சிறு திருகு இருக்கும். பழைய ஸ்டைன்வேக்களில் திருகு கிடையாது. கொக்கியால் ஸ்பிரிங் கம்பியைப் பள்ளத்திலிருந்து எடுத்து, வளைத்து, திரும்ப வைக்க வேண்டும்.

ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை இது: கீயை நடுத்தர வேகத்தில் அடித்து ஹேமரைப் பேக்செக்கில் நிறுத்துங்கள். பிறகு கீயை மெல்ல, மிக மெல்ல விடுங்கள். பிடி விட்டதும் ஹேமர் தயங்காமல், ஆனால் துள்ளாமல், ஒரே சீராக எழ வேண்டும். விரலில் "டக்" என்று ஓர் உதை தெரிந்தால் ஸ்பிரிங் அதிக வலு. ஹேமர் எழாமல் சோம்பிக் கிடந்தால் வலு குறைவு.

இந்தச் சோதனையில் உதை தெரிந்தால் மட்டும் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். உதை தெரியாத ஸ்பிரிங்கை இரட்டை அடிக்காகத் தளர்த்தினால், லீவரால் ஹேமரின் கனத்தைத் தாங்க முடியாமல் போகும். ஜாக் நக்கிளின் அடியில் திரும்ப நுழைவது தாமதமாகும். இரட்டை அடி நின்றுவிடும். கூடவே வேகமான மறு அடியும் நின்றுவிடும். டிரில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி, வாசிக்கும்போது மூன்றில் ஒரு ஸ்வரம் ஊமையாகப் போவது இப்படித்தான். அந்த ஊமை ஸ்வரத்தைச் சரிசெய்ய வருபவர் மறுபடி ஸ்பிரிங்கை இறுக்குவார், இரட்டை அடி திரும்பி வரும். இந்தச் சுழலில் மாட்டிய பியானோவில் லீவர் திருகுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கும். பார்த்தவுடனே தெரியும்.

டிராப்பை இறக்குவது

ஸ்பிரிங்குக்கும் டிராப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் டிராப்பைத் தேர்ந்தெடுங்கள். லெட்-ஆஃப் ஆனதும் ஹேமர் அந்த உயரத்திலிருந்து மேலும் 1.5 முதல் 2 மி.மீ. கீழே இறங்கி நிற்க வேண்டும். இந்த இறக்கமே டிராப். 2-இல் லெட்-ஆஃப் ஆனால் கம்பிக்குக் கீழே 3.5 முதல் 4 மி.மீ.யில் ஹேமர் நிற்கும். அந்த இறக்கமே இல்லாமல் லெட்-ஆஃப் உயரத்திலேயே மிதந்துகொண்டிருந்தால் ஸ்பிரிங் எவ்வளவு நிதானமாக இருந்தாலும் இரட்டை அடி வரும். டிராப் திருகைக் கீழே இறக்கினால் லீவர் முன்னதாகவே நிற்கும், ஹேமர் கூடுதலாக இறங்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாமல், அளந்து அளந்து போவது நல்லது.

எல்லை மீறினால் இதிலும் கேடு உண்டு. லீவர் டிராப் திருகில் முட்டும் நொடியும், ஜாக்கின் வால் லெட்-ஆஃப் பட்டனில் முட்டும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். டிராப் அதிகமானால் லீவர் முந்திக்கொள்ளும். கீ அடியை எட்டும் முன் விரலுக்கு இரண்டு தடங்கல்கள் தெரியும், முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. மென்மையான வாசிப்பில் ஸ்வரங்களை ஒரே அளவில் வைப்பது பெரும்பாடாகிவிடும். 3 மி.மீ.க்கு மேல் டிராப் வைத்தால்தான் இரட்டை அடி நிற்கிறது என்றால், பழி டிராப்பின் மேல் இல்லை. ஆஃப்டர்டச்சைப் பாருங்கள்.

ஆஃப்டர்டச்சை எங்கிருந்து மீட்பது?

தீர்மானம் தேவைப்படும் இடம் இதுதான். ஒரே ஆஃப்டர்டச்சை மூன்று இடங்களிலிருந்து எடுக்கலாம். மூன்றுக்கும் விலை வேறு வேறு.

முதல் வழி ஹேமரை உயர்த்துவது. கேப்ஸ்டனைத் திருகி மேலே ஏற்றினால் ஹேமர் ஓய்வு நிலையிலேயே கம்பிக்கு நெருங்கும். ப்ளோ 48.5-லிருந்து 47-க்கு வந்தால் கீயில் 0.3 மி.மீ. கிடைக்கும். லெட்-ஆஃப் உயரமும் டிராப்பும் மாறாது. ஸ்டாக்கை, அதாவது கீகளின் மேல் அமரும் ஹேமர்-விப்பன் தொகுதியை, கழற்ற வேண்டாம், கீயை எடுக்க வேண்டாம். ஆனால் கை மிக அடக்கமாக இருக்க வேண்டும்: கேப்ஸ்டன் நகர்வது ஹேமரில் ஏறத்தாழ பத்து மடங்காகத் தெரியும். 1.5 மி.மீ. ஹேமர் உயரத்துக்குக் கேப்ஸ்டன் வெறும் 0.15 மி.மீ. உயர்ந்தால் போதும். பகுதியின் இரு முனைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு மாதிரிக் கீயை முதலில் சரியான உயரத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவருவதுதான் முறை. முடிந்ததும் ஷாங்குகள் கீழே உள்ள ரெஸ்ட் ஃபெல்ட்டின் மேல் படுத்துக் கிடக்காமல் 2 முதல் 4 மி.மீ. மேலே மிதக்கின்றனவா என்று பாருங்கள். படுத்துக் கிடந்தால், நீங்கள் அளந்த உயரம் கேப்ஸ்டன் கொடுத்தது அல்ல.

இதன் விலை ஒலியின் வலு. ஓடும் தூரம் குறைந்தால் ஹேமர் எடுக்கும் வேகமும் குறையும். 47-க்கு மீட்பது இழப்பே அல்ல, பழைய இடத்துக்கு வருவதுதான். ஆனால் பிற குறைகளையும் சேர்த்து ஈடுகட்டுவதற்காக 44-க்குக் கீழே கொண்டுபோனால், ஓங்கி வாசிக்கும்போது பியானோவுக்குக் குரல் எழாது.

இரண்டாவது வழி கீயின் ஆழத்தைக் கூட்டுவது. முன் பஞ்சிங்கின் அடியிலிருந்து காகித வளையங்களை எடுப்பது ஒரு முறை. பாலன்ஸ் ரெயிலில் காகித வளையம் சேர்த்துக் கீயின் முன்பக்கத்தை உயர்த்துவது இன்னொரு முறை. எது என்பதைக் கீயின் மட்டம் சொல்லும். வெள்ளைக் கீகளின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி குழிந்திருந்தால் பாலன்ஸ் ரெயில் ஃபெல்ட் அமுங்கியிருக்கிறது. அங்கே காகிதம் சேருங்கள். 0.15 மி.மீ. சேர்த்தால் முன்பக்கம் கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு உயரும். மட்டம் சரியாகவே இருந்து ஆழம் மட்டும் குறைவென்றால் முன்பக்கக் காகிதத்தை எடுங்கள். எப்போதும் காகிதம் அடியில், ஃபெல்ட் மேலே. காகிதம் மேலே இருந்தால் கீ அடியில் இடிக்கும் சத்தம் கேட்கும்.

இரண்டுக்கும் கீயை எடுக்க வேண்டும். கிராண்டில் கீயை எடுக்க வேண்டுமென்றால், பேக்செக் தடுக்கும் என்பதால் ஸ்டாக் முழுவதையும் கழற்றியாக வேண்டும். மொத்தத்தில் அரை நாள் வேலை. ஆழம் கூடினால் கீயின் பின்பகுதி கூடுதலாக எழும், ஆகவே பேக்செக்கும் ஹேமரை முன்பைவிட மேலே பிடிக்கும். அதைப் பிறகு சரிபார்க்க வேண்டும். 10.5 மி.மீ. தாண்டினால் விரலுக்குச் சேற்றில் இறங்குவது போலிருக்கும், வேகம் தடைபடும். கறுப்புக் கீயை முழுக்க அழுத்தினாலும் அது வெள்ளைக் கீயின் மட்டத்துக்கு மேலே தலைகாட்ட வேண்டும். மூழ்கினால் விரல் பக்கத்துக் கீயில் இடிக்கும்.

மூன்றாவது வழி லெட்-ஆஃப்பை அகலமாக்குவது. பட்டனை இறக்கினால் ஜாக் முன்னதாகவே விலகும். 1.5-லிருந்து 2-க்குப் போனால் கீயில் 0.1 மி.மீ. கிடைக்கிறது. அவ்வளவுதான், கஞ்சத்தனமான வழி. இதையே நம்பி 3-க்குப் போனால், மெல்ல வாசிக்கும்போது ஹேமர் கம்பியை எட்டாமலேயே திரும்பும். உச்ச ஸ்தாயியில் 1.5, நடுவில் 2, கம்பி அகலமாக அதிரும் கீழ் ஸ்தாயியில் 2.5 முதல் 3 வரை என்பது பொதுவாக நல்ல அளவு. யாராவது இதைவிட நெருக்கி வைத்திருந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆஃப்டர்டச் தேவை என்பதற்காக மட்டும் அதைத் தாண்டிப் போக வேண்டாம். ஏசி ஓடும் அறையில், கடலோர ஊர்களில் நடப்பது போல ஈரப்பதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இடத்தில், சவுண்ட்போர்டு காய்ந்தால் கம்பி தாழ்ந்து ஹேமரை நெருங்கும். 1 மி.மீ.யில் வைத்த லெட்-ஆஃப் அங்கே ஒரு வறண்ட வாரத்தில் கம்பியை முட்டி நிறுத்தும் நிலைக்கு வந்துவிடும்.

மேலே சொன்ன உதாரணப் பியானோவுக்கு மூன்றையும் அதனதன் பழைய அளவுக்குக் கொண்டுபோவதுதான் சரியான பதில்: கேப்ஸ்டனால் 0.3, ஆழத்தால் 0.3, லெட்-ஆஃப்பால் 0.1. ஒரே இடத்தில் 0.7 முழுவதையும் எடுக்கப் பார்ப்பவர் ப்ளோவை 45-க்குக் கொண்டுபோவார். கணக்கு நேராகும், ஒலி மெலியும். நேரம் இல்லை, ஒன்றை மட்டும் செய்யலாம் என்றால் கேப்ஸ்டனைச் செய்யுங்கள். ஸ்டாக்கைக் கழற்றாமலே பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை அது தரும். அமுங்கிய நக்கிளால் ப்ளோ எளிதில் தொலையும் என்பதும் ஒரு காரணம். நக்கிள் சென்டர் பின்னிலிருந்து 17 மி.மீ. அளவிலும், ஹேமர் 130 மி.மீ. அளவிலும் இருப்பதால் நக்கிள் வெறும் 0.2 மி.மீ. சப்பையானாலே ஹேமர் 1.5 மி.மீ. இறங்கிவிடும்.

ஓரிரு கீகளில் மட்டும் வந்தால்

பகுதி முழுக்க வராமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் கணக்கு வேறு. ஆழமும் ப்ளோவும் பக்கத்துக் கீகளைப் போலவே இருக்கும்போது ஒரு கீ மட்டும் அடம்பிடித்தால், முதலில் ஜாக்கின் நிலையைப் பாருங்கள். ஜாக்கின் பின் விளிம்பும் நக்கிளுக்குள் இருக்கும் மரத்துண்டின் பின் விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஜாக் அதைவிடப் பின்னால், வாசிப்பவரிடமிருந்து தள்ளி நின்றால், நக்கிளை விட்டு வெளியேற அதற்குக் கூடுதல் பாதை தேவைப்படும். ஆஃப்டர்டச் சரியாக இருந்தும் போதாதது போல அது நடந்துகொள்ளும். முன்னால் அதிகம் இழுத்தாலும் தவறு, ஓங்கி அடிக்கையில் ஜாக் நழுவி அடி வீணாகும்.

கீயை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜாக்குக்கும் நக்கிளுக்கும் இடையே பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒரு மி.மீ. அளவு இடைவெளியில் வெளிச்சம் தெரிய வேண்டும். ஜாக் அதன் முன் தடுப்பு ஃபெல்ட்டில் அழுந்தியும் நிற்கக் கூடாது. இந்த ஒரு பார்வை பல அளவுகளைக் காட்டிலும் உண்மையைச் சொல்லும்.

அடுத்து பேக்செக். நடுத்தர அடியில் ஹேமர் கம்பிக்குக் கீழே 10 முதல் 15 மி.மீ.க்குள் பிடிபட வேண்டும். 20-க்குக் கீழே பிடித்தாலோ பிடிக்காமல் நழுவினாலோ, பேக்செக் கம்பியை வாசிப்பவர் பக்கமாக வளையுங்கள். வளைக்கும்போது தலையின் கோணம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.  மேலே ஏறும்போது ஹேமர் வால் பேக்செக்கில் உரசக் கூடாது. தோல் பளபளத்துக் கெட்டியாகியிருந்தால் வளைத்தும் பயனில்லை. கம்பித் தூரிகையால் மெல்லச் சொரசொரப்பாக்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் தோலை மாற்றுங்கள். மிக மெல்லிய அடியில் ஹேமர் பேக்செக் வரை போகவே போகாது என்பதால், பேக்செக்கை நெருக்குவது மட்டும் அந்த வேகத்து இரட்டை அடியை நிறுத்தாது. நடுத்தர வேகத்தில் வரும் இரட்டை அடிக்குத்தான் அது மருந்து.

ஒரு பகுதியில் பத்துப் பதினைந்து கீகள் ஒன்றாக, அதுவும் நடுவில் கெட்டிருந்தால், கீஃபிரேம் அதன் அடிப்பலகையான கீபெட்டில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலன்ஸ் ரெயிலைக் கீபெட்டின் மேல் தாங்கும் கிளைட் போல்ட்டுகளின் அருகே விரலால் தட்டினால் "டொக்" என்று இரண்டு கட்டைகள் முட்டும் ஓசை வந்தால், அங்கே இடைவெளி இருக்கிறது. கீ அழுந்தும்போது ரெயிலும் சேர்ந்து இறங்குகிறது, ஆழம் அங்கே காணாமல் போகிறது. போல்ட்டைத் திருகி இடைவெளியை மூடுங்கள், ஆனால் அதற்கு மேல் திருகாதீர்கள். மேலும் திருகினால் முன் ரெயில் எழும்பி வேறு ஓர் இடத்தில் இதே ஓசை தொடங்கும். இதைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் சரிசெய்தால் செய்த வேலை முழுவதும் மறுபடி.

பாகங்களை மாற்ற வேண்டிய கட்டம்

அளவுகள் எல்லாம் சரி, ஸ்பிரிங் சோதனையும் தேறியது, ஆனாலும் ஹேமர் துள்ளுகிறது என்றால் சென்டர் பின்னைப் பார்க்க வேண்டும். ஹேமரை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஃபிளான்ஜில் ஆட்டம் தெரிந்தால் பின் தளர்ந்துவிட்டது. ஃபிளான்ஜைக் கழற்றி கிராம் அளவியால் இழுத்துப் பார்த்தால் 2 முதல் 4 கிராம் வரை தடை இருக்க வேண்டும். கிட்டத்தட்டத் தடையே இல்லாத ஹேமர் லீவரில் பட்டதும் பந்து போல எழும். இதற்கு மாற்று, அரை எண் பெரிய பின்னைப் போடுவதுதான். எண் 20 இருந்த இடத்தில் 20½. விட்டம் ஏறத்தாழ 0.025 மி.மீ. கூடும். பின்னைச் சுற்றியுள்ள ஃபெல்ட் உறையான புஷிங் முன்பே கிழிந்திருந்தால் பெரிய பின் போட்டும் நிற்காது. புஷிங்கையே மாற்ற வேண்டும். இறுக்கமான பின்களுக்குப் போடும் மசகுத் திரவத்தைத் தளர்ந்த பின்களுக்குப் போடாதீர்கள், நிலைமை மோசமாகும். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே எந்தப் பின்னுக்குமே ஆகாது. ஃபெல்ட் ஊறி, காய்ந்து, பசை போலப் பிடித்துக்கொள்ளும்.

நக்கிளைப் பொறுத்தவரை, தோல் நல்ல நிலையில் இருந்து லேசாகச் சப்பையாகியிருந்தால் கேப்ஸ்டனால் ஈடுகட்டிவிடலாம். இன்னும் கொஞ்சம் அமுங்கியிருந்தால் ஊசியால் தோலின் அடியில் கம்பளி நூலை நுழைத்து உருண்டையாக்கலாம். ஒரு நக்கிளுக்கு ஐந்து நிமிடம் ஆகும், சில ஆண்டுகள் தாங்கும். தோலில் ஜாக்கின் தடம் கெட்டிப்பட்ட பள்ளமாகப் பதிந்துவிட்டால் நூல் உதவாது. பள்ளம் ஜாக்கைப் பிடித்துக்கொள்ளும், விலகுவது தடைபடும். அப்போது நக்கிளை மாற்றுங்கள். நக்கிள், பின், ஃபிளான்ஜ் மூன்றுமே போய்விட்டது என்றால் மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்வதைவிட, ஷாங்கும் ஃபிளான்ஜும் சேர்ந்த புதிய தொகுதியாக 88-ஐயும் வாங்குவதே நியாயம். ஆனால் நக்கிள் சென்டர் பின்னிலிருந்து எத்தனை மி.மீ. என்பதைப் பழையதில் அளந்து, அதே அளவில் வாங்க வேண்டும். ஒரு மி.மீ. மாறினாலும் கீயின் கனமும் ஹேமர் ஏறும் விகிதமும் மாறிவிடும். ஹேமர்களும் தேய்ந்திருந்தால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய ஹேமரைப் புதிய ஷாங்கில் ஒட்டுவது இரட்டை வேலை.

சில கீகளா, முழுச் சீரமைப்பா?

இரட்டை அடி பத்து கீகளுக்குள் அடங்கி, அட்டைச் சோதனையில் மற்றவை எல்லாம் தேறினால் அந்தப் பத்தை மட்டும் சரிசெய்யுங்கள். இருபதைத் தாண்டினாலோ, தேறிய கீகளும் மயிரிழையில் தேறியிருந்தாலோ முழுச் சீரமைப்புக்குப் போவதே நல்லது. அனுபவமுள்ள கைக்கு ஒன்று முதல் ஒன்றரை நாள் ஆகும். வரிசை மாறக் கூடாது: கீஃபிரேம், கீ மட்டம், ஆழம், ஹேமர்கள் நேராக எழுவது, ஜாக்கின் நிலை, லீவர் உயரம், ப்ளோ, லெட்-ஆஃப், டிராப், ஸ்பிரிங், பேக்செக். பிறகு முதலிலிருந்து ஒரு முறை சரிபார்ப்பு, ஏனென்றால் பின்னால் செய்த ஒவ்வொன்றும் முன்னால் செய்ததைச் சற்று நகர்த்தியிருக்கும். லெட்-ஆஃப்பையும் டிராப்பையும் மேசையில் வைத்துச் செய்ய வேண்டுமானால், பியானோவுக்குள் கம்பியின் உயரத்தைக் கீபெட்டிலிருந்து பகுதி பகுதியாக அளந்து, மேசையில் அதே உயரத்தில் ஒரு நேரான சட்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருகலுக்கும் ஆக்‌ஷனை உள்ளே தள்ளி வெளியே இழுக்க நேரும்.

ஸ்பிரிங் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது பாருங்கள்: கடைசிக்கு முந்தியது. அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் சரியான பிறகுதான் ஸ்பிரிங்கின் வலு அதிகமா குறைவா என்று சொல்லவே முடியும். முழுச் சீரமைப்பு முடிந்தபின், முன்பு தளர்த்தப்பட்ட ஸ்பிரிங்குகள் பலவற்றை இறுக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்தவுடன் சோதிப்பது போதாது. புதிய பஞ்சிங்குகளும் புதிய நக்கிள்களும் முதல் சில வாரங்களில் வேகமாக அமுங்கும். ஒரு மாதம் வாசித்த பிறகு அதே 0.8 மி.மீ. அட்டையை எடுத்து, நடு நான்கு ஆக்டேவ்களிலும் மறுபடி செருகிப் பாருங்கள். ப்ளோ அரை மி.மீ. கூடியிருக்கும், கேப்ஸ்டனை ஒரு முறை தொட்டு அதை மீட்டுவிட்டு, ஷாங்குகள் ரெஸ்ட் ஃபெல்ட்டைத் தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.